குருவிக் காலில் கட்டிய சீட்டுகள்

அந்த அக்காவுக்கு என்னைப் பிடிக்காது. பிடிக்காமல் போனதற்கு முழுக் காரணமும் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் இதைப் படித்துவிட்டு, "பாவம் அப்பா, அவர் என்ன செய்வார்" என்று பேசிக்கொள்ளக் கூடாது. என்ன செய்திருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே பின்கட்டில் ஒரு பெரிய அறை. அறை முழுக்க இரும்பு அலமாரிகள், அலமாரி முழுக்க அகலமான இழுப்பறைகள், நாங்கள் லாச்சி என்போம். லாச்சியை இழுத்தால் உள்ளே பறவைகள். உயிருள்ளவை இல்லை. எப்போதோ காட்டில் பிடித்து, தோலை உரித்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தவை. எல்லாம் வரிசையாக மல்லாந்து படுத்திருக்கும். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரியும். இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிய நூலில் ஒரு சின்னச் சீட்டு தொங்கும். என்ன பறவை, எந்தக் காட்டில் பிடித்தது, என்றைக்கு, பிடித்தபோது கண் என்ன நிறம், கால் என்ன நிறம், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும்.

அந்த அறையைக் கூட்டித் துடைத்து, லாச்சிகளில் பாச்சை உருண்டை மாற்றுவதுதான் அக்காவின் வேலை. நாள்கூலி. பத்து வருடமாக நாள்கூலி. என்னைவிட மூன்று வயது மூத்தவர். பண்டமாரானிலிருந்து கிள்ளானுக்கு ஒரு பஸ், கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மாலையில் அதே மூன்று பஸ். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இரண்டு பெண் பிள்ளைகள்.

மகா கோபக்காரர். ஆனால் எல்லாவற்றுக்கும் கோபப்படுகிற ஆள் இல்லை. தாமதமாக வந்தால் கோபம் வராது, மேலே டீயைக் கொட்டினால்கூட வராது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி யாராவது சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்.

ஒரு நாள் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பரிமாறுகிற அண்ணன் பொரித்த மீன் தட்டை நீட்டினார்.

"என்ன மீனுண்ணே?"

"கடல் மீனுக்கா."

"கடல்ல புடிச்சது எல்லாம் கடல் மீனுதான். இது என்ன மீனு?"

"நல்ல மீனுலா, சாப்பிடுங்க."

அக்கா எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, "சமையக்காரருக்கும் தெரியலையாம். தெரியலம்மான்னு சொன்னாரு. அந்த மனுசன் யோக்கியன். ரெண்டு துண்டு வைங்க" என்றார். பரிமாறியவர் என்னைப் பார்த்து முழித்தார்.

"தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நடுவுல ஒண்ண உருட்டாத." இதை நான் அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்த அறையில் சன்னல் பக்கத்து அலமாரியில் ஐந்து லாச்சிகள் ஒரே குடும்பத்துக் குருவிகளுக்கு. தோட்டத்தில் நம் ஆட்கள் தவிட்டுக்குருவி என்பார்களே, அந்த வகையில் காட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு பிரிவு. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அலமாரிக் கதவில் மாலகோப்டெரான் என்று எழுதியிருக்கும். மென்மையான சிறகு என்று பொருளாம், ஒரு மாணவர் சொன்னார். ஐந்து லாச்சியையும் திறந்து வைத்தால் என் கண்ணுக்கு ஐந்திலும் ஒரே குருவிதான். மேலே பழுப்பு, கீழே வெளுப்பு.

அக்காவுக்கு அப்படி இல்லை. அவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். கதவில் இருந்த பெயரெல்லாம் அவர் வாயில் நுழையாது. அதனால் தானே பெயர் வைத்திருந்தார். அலகோரத்தில் கறுப்புக் கோடு இறங்கினால் மீசைக்காரன். மீசை இல்லாமல் உச்சந்தலை மட்டும் கரி பூசின மாதிரி இருந்தால் கரித்தலை. தலை செம்பழுப்பாக, பிடரி கறுப்பாக இருந்தால் செந்தலை. அதே மாதிரி தலை, ஆனால் நெற்றி மயிரின் நுனியெல்லாம் கறுத்து மீன் செதில் மாதிரி தெரிந்தால் செதில்நெற்றி. தொண்டை வெள்ளையாக, நெஞ்சில் சாம்பல் பட்டை போட்டிருந்தால் சாம்பநெஞ்சு. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வருடம் பாச்சை உருண்டை மாற்றியபோது பார்த்துப் பார்த்து வந்தது.

பெரிய படிப்புக்காக ஆராய்ச்சி செய்த ஒரு பையன், செதில்நெற்றி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் செந்தலை லாச்சியில் போட்டுவிட்டான். மறுநாள் அக்கா வராந்தாவரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"எவன்டா இந்தப் புள்ளைய அடுத்த வீட்டுல போய்ப் படுக்க வச்சது?"

அந்தப் பையன் புத்தகத்தைக் கொண்டு வந்து அது செந்தலைதான் என்று வாதாடினான். அக்கா பூதக்கண்ணாடியை அவன் கையில் திணித்தார். அவன் நெற்றியைப் பார்த்தான். முகம் சிவந்து, "சாரி ஆன்டி" என்றான்.

"சாரி எனக்கு எதுக்கு. எடுத்து அது எடத்துல வை."

அவர் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆராய்ச்சிக்காரர்களை நான்தான் காட்டுக்கு வேனில் ஏற்றிப் போவேன். ஒரு தடவை திரும்பி வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கரித்தலை கத்துச்சாமே, அந்தப் பசங்க சொன்னானுங்க. எப்படிக் கத்துச்சு?"

"விசில் அடிக்கிற மாதிரி ஏதோ கேட்டுச்சுக்கா. ஏறி ஏறி இறங்குச்சு."

"பாத்தியா?"

"ஏதோ ஒரு குருவி கெளையில உக்காந்திருந்துச்சு."

"கால் என்ன நெறம்?"

"கவனிக்கலக்கா."

"அப்ப எதுக்கு நீ காட்டுக்குப் போன? பெட்ரோலுக்குக் கேடு."

அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த அறையில் இத்தனை வருடம் வேலை செய்தவர் இந்தக் குருவிகளில் ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. கூட்டிப் பெருக்குகிற பெண்ணை யார் வேனில் ஏற்றுவார்கள். நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த நாள்கூலிகளில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பட்டியல் தயாரானது. அக்கா பெயர் அதில் இருந்தது. நிரந்தரமானால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மூன்று பஸ் மிச்சம். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருக்கலாம். ஓட்டுநர்களுக்கும் அதே பட்டியல்தான். அதில் என் பெயரும் இருந்தது. உங்கள் அம்மா வயிற்றில் அப்போது பெரியவன்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு பறவை நிபுணர் லாச்சிகளைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் நிர்வாக அதிகாரி பரபரத்துப் போனார். அவரும் தமிழர்தான். பெரிய கடை வைத்திருந்த குடும்பம், ஆங்கிலப் படிப்பு. பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார்.

அக்கா தம்பி கல்யாணத்துக்காக மூன்று நாள் விடுப்பில் போனார். போகும்போது அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். "உருண்டை வாங்கிட்டு வந்தா உள்ள வச்சிரு. லாச்சியத் தொடாத." இவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமே அந்த நிர்வாக அதிகாரி சார் என்னைக் கூப்பிட்டு அறையைத் திறக்கச் சொன்னார். சன்னல் பக்கத்து அலமாரியைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, சீட்டெல்லாம் மஞ்சளாப் போயி, மை அழிஞ்சு, குப்பை மாதிரி இருக்கு. எல்லாத்தையும் வெட்டி எடு. புதுசா டைப் அடிச்சு மாட்டிடலாம்."

"அக்கா வந்துறட்டும் சார்."

"யாரு அக்கா? கூட்டுற பொம்பளயா? நான் சொல்றேன், வெட்டு."

வெட்டினேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. குருவிகளைப் பத்திரிகைத் தாளில் வரிசையாகப் படுக்க வைத்தேன். சீட்டுகளையும் அதே வரிசையில் பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். வரிசை மாறாமல் திரும்பக் கட்டிவிடலாம் என்பது என் கெட்டிக்காரத்தனம். ஐந்து லாச்சி, நூற்றுக்கும் மேலே குருவி.

இரண்டு நாளில் புதுச் சீட்டுகள் வந்தன. வெள்ளை அட்டை, அழகான எழுத்து. கண் நிறம், கால் நிறமெல்லாம் எதற்கு என்று சார் விட்டுவிட்டார். அதோடு பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று சீட்டுகளை ஊர்ப்பெயர் வரிசையில் அடுக்கி அனுப்பியிருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் முதல் சீட்டை முதல் குருவிக்குக் கட்டினேன், இரண்டாவதை இரண்டாவதற்கு. கடைசிவரை ஒரு முடிச்சுகூடத் தளரவில்லை. பிறகு சீட்டில் இருந்த பெயர்படி குருவிகளை லாச்சிகளில் வைத்தேன். பழைய சீட்டுகளைக் குப்பை லோரி கொண்டு போய்விட்டது.

அக்கா வந்து லாச்சியை இழுத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒன்றைத் தூக்கிச் சீட்டைப் பார்த்தார். வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். வைத்தார். அடுத்த லாச்சி. அடுத்தது.

"தம்பி, பழைய சீட்டு எங்க?"

சொன்னேன். அதன் பிறகுதான் வந்தது திட்டு. நான் வளர்ந்த தோட்டத்தில் கேட்காத வார்த்தைகளெல்லாம் கேட்டேன். கடைசியில் ஒன்று சொன்னார், அது மட்டும் திட்டு இல்லை.

"டேய், அந்தக் காடு பாதி இப்ப இல்லடா. வெட்டி வீடு கட்டிட்டானுங்க. இந்தக் குருவி அங்க இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அந்தச் சீட்ட விட்டா வேற என்னடா இருக்கு?"

நான்கு நாள் அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. எல்லாச் சீட்டையும் அவிழ்த்தார். நெற்றி, மீசை, நெஞ்சு, அலகு பார்த்துக் குருவிகளை ஐந்தாகப் பிரித்தார். காய்ந்த குருவிக்குக் கால் நிறம் போய் எல்லாம் ஒரே மண் நிறமாகிவிடும், அதனால் கால் உதவாது. இளம் மீசைக்காரனுக்கு மீசை சரியாக முளைத்திருக்காது, கரித்தலை மாதிரியே இருக்கும். அப்படி நான்கு குருவிகளைத் தனியே வைத்துவிட்டார். மற்றதெல்லாம் அதது லாச்சிக்குப் போனது. பிறகு ஒரு பேராசிரியர் வந்து பார்த்து ஒரு தப்பும் இல்லை என்றார்.

ஆனால் மீசைக்காரன் லாச்சியில் எந்த மீசைக்காரன் எந்தக் காட்டுக்காரன்? அதை யார் சொல்ல முடியும்?

சார் வந்தார். லாச்சிகளைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார்.

"பேர் சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன. மீசை வச்சதுக்கெல்லாம் மீசைச் சீட்டு, ஏதோ ஒண்ணக் கட்டிவிடும்மா. எந்த ஊர்க் குருவின்னு யாரு வந்து கேக்கப் போறா?"

"எந்த ஊர்னு தெரியாது சார்."

"அதான் சீட்டுல ஊர் இருக்கே."

"சீட்டுல இருக்கு. அது இந்தக் குருவிக்குத்தானான்னு தெரியாது."

"உனக்கு கன்ஃபர்மேஷன் வருது, தெரியுமில்ல? இப்ப போயி வம்பு பண்ணாத."

"அப்ப நீங்களே கட்டுங்க சார். ஒவ்வொரு சீட்டுலயும் உங்க கையெழுத்தப் போட்டுக் கட்டுங்க. நான் நூல் எடுத்துத் தரேன்."

சார் கட்டவில்லை. போய்விட்டார்.

சாம்பநெஞ்சு லாச்சியில் மூன்றே மூன்று குருவிகள். மூன்று சீட்டுகள். அதில் ஒரு சீட்டு கிள்ளான் பக்கத்துச் சதுப்புக் காட்டில் பிடித்தது என்று சொன்னது. அக்காவின் ஊர்ப்பக்கம். அந்தக் குருவியை அவர் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு மூன்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இதுதான்னு தோணுது."

"அப்ப கட்டிருங்கக்கா. ஒண்ணாவது மிஞ்சட்டும்."

"தோணுதுன்னுதான் சொன்னேன். தெரியும்னு சொன்னேனா?"

அதையும் மற்ற இரண்டோடு வைத்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, புது அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் குருவியின் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதி, ஊர் எழுத வேண்டிய இடத்தில் 'தாக் தாவு' என்று மலாயில் எழுதினார். தெரியாது என்று அர்த்தம். அதை அலுவலக நடையில் மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தைகள் இருக்கின்றன. அவர் அதையெல்லாம் தேடவில்லை. டைப் அடித்த சீட்டுகளை ஒரு உறையில் போட்டு, 'இந்த லாச்சிக் குருவிகளுடையது, எது எதற்கு என்று தெரியாது' என்று தமிழில் எழுதி லாச்சிக்குள்ளேயே வைத்தார்.

நிபுணர் வந்தார், பார்த்தார், கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகளில் 'தெரியாது'. விசாரணை வைத்தார்கள்.

நீளமான மேசை. மேலிடத்து ஆட்கள் மூவர், ஓரத்தில் சார். அக்காவையும் என்னையும் ஒன்றாக நிற்க வைத்தார்கள். சீட்டை யார் வெட்டியது என்று கேட்டார்கள். அவர் என்னைக் காப்பாற்றவில்லை. ஏன் காப்பாற்ற வேண்டும்?

"டிரைவர்தான் வெட்டினாரு. யாரு வெட்டச் சொன்னதுன்னு அவரே சொல்வாரு."

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரி போதும். சார் சொன்னார், வெட்டினேன். அவ்வளவுதான் உண்மை. அதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

"யாரும் சொல்லல சார். சுத்தம் பண்ணலாம்னு நானாத்தான் வெட்டினேன்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த கேள்வியை அவரிடம் கேட்டார்கள். சாவி டிரைவரிடம் எப்படிப் போனது?

முடிந்தது. விவரம் தெரியாத ஓட்டுநர் நல்லெண்ணத்தில் செய்த பிழை என்று என்னை எச்சரித்து விட்டார்கள். அனுமதி இல்லாமல் சாவியைக் கொடுத்தவர் மேல்தான் முழுக் குற்றமும். பட்டியலில் இருந்து அவர் பெயரை அடித்தார்கள். மாதக் கடைசியில், இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நான் நிரந்தரமானேன். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பெரியவனே, நீ தவழ்ந்த வீடு அதுதான்.

சாருக்கு என் மேல் அதற்குப் பிறகு தனிப் பிரியம். தீபாவளிக்குப் பலகார டப்பா அனுப்புவார். அதை வாங்கி வந்து உங்களுக்கெல்லாம் பங்கு போட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கிள்ளான் பாசாரில் அவரைப் பார்த்தேன். கீரையும் வாழைப்பூவும் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு சீன ஆன்டி இது எந்தத் தோட்டத்துக் கீரை என்று கேட்க, "அது தெரியாது ஆன்டி, லோரிக்காரன்கிட்ட வாங்கினேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அக்கா, அன்னிக்கு சார்தான் வெட்டச் சொன்னாரு. நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

அவர் கீரைக் கட்டு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேசினார்.

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க அங்க உக்காந்திருந்தாங்க, அவங்ககிட்ட நீ சொல்லல."

"அக்கா..."

"கீர வேணுமா? வேணாம்னா நகரு. பின்னால ஆளு நிக்குது."

நகர்ந்தேன்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. சார் அப்போதும் வேலையில் இருந்தார். இன்னும் மூன்று வருடம் போனது. அவர் ஓய்வு பெற்று, பிரிவு உபசாரமும் முடிந்து, அவருடைய நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் என் கால் நகர்ந்தது. புது அதிகாரி இளவயதுக்காரர், மரியாதையாக உட்காரச் சொன்னார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். யார் சொன்னது, யார் வெட்டியது, யார் மேல் தப்பில்லை என்று. அந்த அம்மா பெயரில் இருக்கிற குற்றத்தை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன்.

அவர் கோப்பைத் தேடச் சொன்னார். நாள்கூலிக்காரர்களுக்குத் தனிக் கோப்பு கிடையாது என்று பதில் வந்தது. அழிப்பதற்கு எங்கேயும் ஒரு காகிதம் இல்லை. காகிதமே இல்லாமல் ஒரு மனுஷியை வெளியே அனுப்பியிருந்தார்கள்.

அதிகாரி எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "இத்தனை வருஷம் கழிச்சு வந்து உண்மையைச் சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும் அங்கிள். உங்கள மாதிரி ஆளுங்க இப்ப இல்ல" என்று கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன், பிள்ளைகளே. சிரித்துக்கொண்டே குலுக்கினேன்.